ஷ்கோஃப்யா லோகா நகராட்சிச் சின்னத்தில் இருக்கும் கறுப்புத் தலை யாருடையது?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் பிடித்தேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லோவேனியாவுக்குப் போன நீங்கள், தலைநகர் லியுப்லியானாவுக்கு வடமேற்கே இருக்கும் ஷ்கோஃப்யா லோகா என்ற சின்ன ஊரில் ஒரு பகல் சுற்றியிருக்கிறீர்கள். அந்த நகராட்சியின் சின்னத்தில் கிரீடம் வைத்த ஒரு கறுப்பு மனிதனின் தலை. மலையடிவாரத்து ஐரோப்பிய ஊருக்கும் ஆப்பிரிக்க முகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு வழிகாட்டி ஒரு கரடிக் கதையைச் சொல்லியிருக்கிறார். அந்தக் கதை உண்மையா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் கடைசி வரியில் “இது அடிமையின் தலையோ, வெட்டிய தலையோ என்று உறுத்துகிறது, ஆல்பத்தில் என்ன எழுதி ஒட்டுவது என்று தெரியவில்லை” என்று போட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதனால் இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

நான் முத்திரைகளைப் படித்துப் பட்டியலிடும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன். செப்பேட்டு வளையத்தில் இருக்கும் முத்திரைகளில் தொடங்கி, பிறகு ஐரோப்பிய மெழுகு முத்திரைகளுக்குப் போனேன். ஸ்லோவேனிய மொழியை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வாசிக்க முடியும். ஜெர்மனும் லத்தீனும் ஓரளவு ஓடும். இந்த ஊரின் பழைய ஆவணங்களில் பெரும்பகுதி அந்த இரண்டு மொழிகளில்தான் இருக்கிறது என்பதால் தப்பித்தேன்.

சுருக்கமான பதில் இது. அந்தத் தலை லோகா ஊரின் சொந்தச் சரக்கு அல்ல. ஜெர்மனியில் பவேரியாவைச் சேர்ந்த ஃப்ரைசிங் மறைமாவட்ட ஆயர்களின், அதாவது பிஷப்புகளின், சின்னம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கரடிக் கதை அந்தச் சின்னத்துக்குக் காரணமாக இருக்க முடியாது. இதிலும் சந்தேகம் இல்லை. ஃப்ரைசிங் ஆயர்கள் எதற்காக அந்தத் தலையை எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் இன்னும் தீராத விஷயம். அங்கே நான்கைந்து ஊகங்கள் இருக்கின்றன, அவற்றில் எனக்கு ஒரு சாய்வும் இருக்கிறது. அதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊரின் பெயரிலிருந்தே தொடங்கலாம். ‘ஷ்கோஃப்’ என்றால் ஸ்லோவேனிய மொழியில் ஆயர். ‘லோகா’ என்றால் ஆற்றோரத்து ஈரமான புல்வெளி. ஆயரின் புல்வெளி. போலியான்ஸ்கா சோரா, செல்ஷ்கா சோரா என்று இரண்டு ஆறுகள் கூடுகிற இடம் அது. ஜெர்மன் பேசுபவர்களும் இதை பிஷோஃப்லாக் என்றுதான் கூப்பிட்டார்கள், பொருள் அதேதான். நிலம் யாருடையது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. 973-ஆம் ஆண்டு பேரரசர் இரண்டாம் ஓட்டோ இந்தப் பகுதியை ஃப்ரைசிங் ஆயர் ஆபிரகாமுக்குத் தானமாகக் கொடுத்தார். அந்தச் சாசனத்தில் ‘லோன்கா’ என்று ஊரின் பெயர் வருகிறது. கார்னியோலா என்று லத்தீனில் சொல்லப்பட்ட அந்த நாட்டை மக்கள் ‘க்ரைனா’ என்று அழைக்கிறார்கள் என்ற குறிப்பும் அதிலேயே இருக்கிறது. நம்மூர்ச் செப்பேடுகளில் எல்லை சொல்லும்போது ‘இன்ன ஆற்றுக்கு வடக்கு, இன்ன ஏரிக்கு மேற்கு’ என்று வருமே, அதே பாணியில் ஆறுகளையும் மேடுகளையும் சொல்லிக்கொண்டு போகும் ஆவணம். இந்த வகையை வாசித்துப் பழகியவர்களுக்கு அது அந்நியமாகவே தெரியாது.

அன்றிலிருந்து 1803 வரை, அதாவது 830 வருடம், லோகா ஃப்ரைசிங் ஆயர்களின் சொத்து. நடுவில் எத்தனையோ போர்கள். 1511-இல் பெரிய நிலநடுக்கம் வந்து கோட்டை இடிந்து மறுபடி கட்டப்பட்டது. இவ்வளவுக்கும் நடுவே நிலத்தின் உரிமையாளர் மாறவில்லை. ஒரே முதலாளியின் கையில் இவ்வளவு காலம் இருந்த ஊர்கள் ஐரோப்பாவில் நிறைய இல்லை. 1803-இல் திருச்சபை நிலங்களை அரசுகள் எடுத்துக்கொண்டபோதுதான் லோகாவும் ஆஸ்திரிய அரசின் கைக்குப் போனது.

இப்போது சின்னம் எப்படி ஊருக்கு வந்தது என்று பார்ப்போம். கேடய வடிவத்துக்குள் வரையும் இந்த மரபுச் சின்னங்கள் ஐரோப்பாவில் 12-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிறந்தவை. தலைக்கவசம் முகத்தை மறைத்ததால் ஆளை அடையாளம் காணக் கேடயத்தில் படம் வரைந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். பரவியதற்கு முத்திரைதான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். பத்திரம் எழுதினால் முத்திரை வேண்டும், முத்திரைக்குப் படம் வேண்டும். முதலில் பிரபுக்கள், அப்புறம் ஆயர்கள், அப்புறம் நகரங்கள். ஒரு பிரபுவின் நிலத்தில் இருக்கும் ஊர் தனக்கென்று முத்திரை வெட்டும்போது, அந்தப் பிரபுவின் சின்னத்தை முழுதாகவோ ஒரு மூலையிலோ போட்டுக்கொள்ளும். விசுவாசம் ஒரு பக்கம்; இன்னொரு பக்கம் அது ஒரு பாதுகாப்பு. ‘நாங்கள் இன்னாருடைய ஆட்கள்’ என்று எழுதாமலே சொல்வது அது.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஆதாரம் தேடி ஆவணக் காப்பகத்துக்குப் போகும் முன் வரைபடத்தை விரித்துப் பார்ப்பேன். இந்த முடிசூடிய கறுப்புத் தலை வேறு எங்கெல்லாம் இருக்கிறது? மியூனிக் பக்கத்தில் இஸ்மானிங் என்ற ஊராட்சியின் சின்னத்தில் இருக்கிறது, உன்டர்ஃபோரிங்கில் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலைக்குள் மிட்டன்வால்டில் இருக்கிறது. ஆஸ்திரியாவில் இப்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் வைட்ஹோஃபன் நகரத்தின் சின்னத்திலும் இருக்கிறது. மலை, மொழி, நாடு எல்லாம் வேறு வேறு. இவற்றைச் சேர்க்கும் ஒரே கோடு, எல்லாம் ஒரு காலத்தில் ஃப்ரைசிங் ஆயர்களின் நிலம் என்பதுதான். லோகாவில் நடந்த ஒரு சம்பவத்தால் லோகாவுக்கு இந்தத் தலை வந்தது என்றால், சுமார் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் உன்டர்ஃபோரிங்குக்கு எப்படி வந்தது? செப்பேட்டு வளையத்தில் மீன் இருந்தால் அந்த ஊர் ஏரியில் மீன் அதிகம் என்று நாம் சொல்வதில்லை, பாண்டியன் என்று சொல்கிறோம். ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலியோடு இரட்டை மீனும் வில்லும் இருக்கின்றன; அது யார் யாருக்கு மேல் என்று சொல்லும் படம். லோகாவின் தலையும் அந்த வகைதான்.

சரி, கரடிக் கதை. நீங்கள் கேட்டது ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும்: ஆயர் ஆபிரகாம் தன் கறுப்புப் பணியாளோடு புதிதாகக் கிடைத்த நிலத்தைப் பார்க்க வருகிறார். காட்டு வழியில் ஒரு பெரிய கரடி எதிர்ப்படுகிறது. பணியாள் வில்லை எடுத்து ஒரே அம்பில் கரடியை வீழ்த்துகிறான். உயிர் பிழைத்த ஆயர், ‘உன் முகத்தை என் ஊரின் சின்னத்தில் வைப்பேன், உன்னை உலகம் மறக்காது’ என்கிறார். நல்ல கதை. குழந்தைகளுக்குச் சொல்லலாம். ஊர்க்காரர்களுக்கு இதன் மேல் இருக்கும் பாசமும் எனக்குப் புரிகிறது.

ஆனால் காலக்கணக்கு இடிக்கிறது. ஆபிரகாம் 957-இல் ஆயராகி, 990-களின் தொடக்கத்தில் இறந்தவர். மரபுச் சின்னம் என்ற பழக்கமே அவர் இறந்து நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஃப்ரைசிங் ஆயர்களின் முத்திரையில் முடிசூடிய தலை தென்படுவது 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஆயர் எமிகோவின் காலத்தில். ஆபிரகாமுக்கும் அதற்கும் இடையில் முந்நூறு வருடம். இல்லாத கேடயத்தில் ஒருவர் யாருடைய முகத்தையும் வரையச் சொல்லியிருக்க முடியாது. ஊரின் பெயரை வைத்துப் பின்னால் தலபுராணம் எழுதுவதை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இங்கே பெயருக்குப் பதில் படம், அவ்வளவுதான் வித்தியாசம். படம் முதலில் வந்தது, ‘இது யார்?’ என்று கேட்ட குழந்தைக்குப் பதிலாகக் கதை பின்னால் வந்தது.

இது லோகாவுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஸ்பெயினில் அரகான் அரசர்களின் சின்னம் ஒன்றில் சிலுவையும் நான்கு மூர்களின் (வட ஆப்பிரிக்க முஸ்லிம்களுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர்) தலைகளும் உண்டு. 1096-இல் அல்கோராஸ் போரில் தோற்ற நான்கு மூர் மன்னர்களின் தலைகள் அவை என்று கதை. ஆனால் அந்தப் படம் முத்திரையில் கிடைப்பது 1281-இல், மூன்றாம் பீட்டர் அரசரின் காலத்தில். அங்கேயும் கிட்டத்தட்ட இருநூறு வருட இடைவெளி. இப்படிப்பட்ட கதைகளில் நான் முதலில் பார்ப்பது இரண்டு தேதிகளைத்தான்: சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் தேதி, படம் முதலில் கிடைக்கும் தேதி. நடுவில் பள்ளம் இருந்தால் கதையை ஓரமாக வைத்துவிட்டு மேலே போவேன்.

ஓரமாக வைத்தாலும் தூக்கி எறிய மாட்டேன். ஏனென்றால் அந்தக் கரடி எனக்குத் தெரிந்த கரடி. ஃப்ரைசிங் மறைமாவட்டத்தின் முதல் ஆயராகப் போற்றப்படும் புனித கோர்பினியான் ரோமுக்குப் போகும் வழியில், அவருடைய சுமைதூக்கும் விலங்கை ஒரு கரடி கொன்றுவிட்டதாம். உடனே அவர் மூட்டையைக் கரடியின் முதுகில் ஏற்றி ரோம் வரைக்கும் நடக்க வைத்தாராம். மூட்டை சுமக்கும் கரடிதான் இன்றைக்கும் ஃப்ரைசிங் நகரத்தின் சின்னம். ஆயர், பயணம், மலைக்காடு, கரடி. லோகா கதையின் பாதிச் சாமான்கள் இங்கேயே இருக்கின்றன. ஃப்ரைசிங்கிலிருந்து வந்த அதிகாரிகளும் பாதிரியார்களும் கோர்பினியான் கதையைச் சொல்லிச் சொல்லி, அது உள்ளூரில் ஆபிரகாம் பெயரோடு ஒட்டி, கறுப்புத் தலைக்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டது என்று நினைக்கிறேன். இது என் ஊகம். இதற்குக் காகித ஆதாரம் காட்ட முடியாது.

கதை பொய் என்பதால் ஆபிரகாமும் கற்பனை என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்லோவேனிய மொழியில் எழுதப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய உரைகள் ‘ஃப்ரைசிங் கையெழுத்துகள்’ எனப்படுபவை. கிறிஸ்தவப் பாவ அறிக்கையும் மறையுரையும் அடங்கிய மூன்று சின்னப் பகுதிகள். லத்தீன் எழுத்தில் எழுதப்பட்டவை, இப்போது மியூனிக்கில் பவேரிய அரசு நூலகத்தில் இருக்கின்றன. அந்தச் சுவடி ஆபிரகாமின் வட்டத்தைச் சேர்ந்தது என்பது பொதுவான கருத்து. தன் புதிய குடிகளின் மொழியில் பேச வேண்டும் என்று நினைத்த, அல்லது குறைந்தபட்சம் அதற்கு ஆள் வைத்த நில உரிமையாளர் அவர். கரடியை விட எனக்கு இந்த விஷயம்தான் சுவாரசியம். வழிகாட்டிகள் ஏன் இதை முதலில் சொல்வதில்லையோ.

இனிமேல் வழுக்குப் பாதை. ஃப்ரைசிங் ஆயர்கள் ஏன் அந்தத் தலையை எடுத்தார்கள்? இங்கே ஒரு விஷயத்தை முதலில் மனத்தில் வையுங்கள்: மெழுகு முத்திரைக்கு நிறம் கிடையாது. ஒரு முத்திரையில் கிரீடம் வைத்த தலை பக்கவாட்டில் தெரிகிறது என்றால் அது கறுப்பா வெள்ளையா என்று முத்திரை சொல்லாது. மூக்கும் உதடும் ஓரளவு சொல்லலாம். ஆனால் கட்டைவிரல் அகலத்தில், அறுநூறு எழுநூறு வருடம் தேய்ந்த மெழுகில் மூக்கை வைத்து இனம் சொல்பவரை நான் நம்பமாட்டேன். அச்சில் நிறத்தைக் கோடுகளால் காட்டும் முறை, அதாவது கறுப்புக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு, சிவப்புக்குச் செங்குத்துக் கோடு என்பதெல்லாம், 17-ஆம் நூற்றாண்டில் பெத்ரா சான்க்தா என்ற ஏசு சபைப் பாதிரியாரின் நூல் வழியாகப் பரவியது. அதற்கு முன்னால் நிறம் வேண்டுமென்றால் வண்ணம் தீட்டிய ஏடுதான் ஆதாரம். ஃப்ரைசிங் விஷயத்தில் அந்த ஆதாரம் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆயர் மூன்றாம் கொன்ராடின் காலத்து ஏட்டில் கிடைக்கிறது. ஆக முதலில் முடிசூடிய தலை. கறுப்பு என்று உறுதியாவது அதற்குச் சற்றுப் பின்னால்.

இந்தச் சின்ன இடைவெளியில்தான் ஊகங்கள் எல்லாம் நுழைகின்றன. முதலாவது புனித மவுரிஸ். எகிப்தின் தீபைப் பகுதியிலிருந்து வந்த ரோமப் படைத்தலைவர் என்று மரபு சொல்லும் புனிதர் அவர். வெகுகாலம் அவரை வெள்ளையராகவே வரைந்தார்கள். 13-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியின் மாக்டபுர்க் பேராலயத்தில் அவரைக் கவசம் அணிந்த கறுப்பு ஆப்பிரிக்கராகச் செதுக்கினார்கள். அழகான சிலை, கேலியின் சாயலே இல்லாதது. காலம் பொருந்துகிறது. ஆனால் மவுரிஸ் ஃப்ரைசிங்கின் காவல் புனிதர் அல்ல, அவருக்குக் கிரீடமும் பொருத்தமில்லை. இரண்டாவது புனித சேனோ, 4-ஆம் நூற்றாண்டு வெரோனா ஆயர், வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்று மரபு. வெரோனாவில் அவருடைய சிலை கறுத்த முகத்தோடு சிரித்துக்கொண்டிருக்கும். ஃப்ரைசிங்குக்குச் சொந்தமான இசன் மடத்தின் புனிதர் இவர்தான் என்பதால் தொடர்பு கொஞ்சம் நெருக்கம். அப்புறம் குழந்தை ஏசுவைப் பார்க்க வந்த மூன்று அரசர்களில் ஒருவரான பல்தசார் என்று சிலர் சொல்வார்கள். கிரீடத்துக்கு அது சரி. ஆனால் அவரைக் கறுப்பராக வரையும் வழக்கம் பரவியது பிற்பாடுதான் என்பதால் எனக்கு அது ஒட்டவில்லை.

என் சாய்வு நான்காவது ஊகத்தின் பக்கம். முதலில் அந்தத் தலை எந்தத் தனி மனிதனின் தலையும் இல்லை. கிரீடம் வைத்த தலை என்பது ‘இங்கே நான்தான் ஆளுகிறேன்’ என்று சொல்லும் குறி. எமிகோவின் காலம்தான் ஃப்ரைசிங் ஆயர்கள் வெறும் சமயத் தலைவர்களாக இல்லாமல் நிலத்தை ஆளும் இளவரசர்களாக வளர்ந்துகொண்டிருந்த காலம். 1294-இல் அவர் வெர்டன்ஃபெல்ஸ் என்ற மலைப் பிரதேசத்தையே கைக்குக் கொண்டுவந்தார். மேலே சொன்ன மிட்டன்வால்ட் அதில் இருக்கும் ஊர்தான். அதே ஆட்சியில் முத்திரையில் கிரீடத் தலை வருவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பின்னால் வண்ணம் தீட்டியவர் அதைக் கறுப்பாக்கினார். மவுரிஸையோ சேனோவையோ நினைத்து வேண்டுமென்றே செய்தாரா, பழைய முத்திரையைத் தவறாக வாசித்தாரா என்பதை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. யாராவது இதில் ஒரே பதிலை அடித்துச் சொன்னால், ‘எந்த ஆவணம்?’ என்று கேளுங்கள்.

ஒரே படத்துக்கு ஊருக்கு ஊர் வேறு பொருள் இருக்கும் என்பதற்கு கோபுர்க் நல்ல உதாரணம். அதுவும் பவேரியாவில் இருக்கும் ஊர், அதன் சின்னத்திலும் கறுப்புத் தலை. ஆனால் அதற்கும் ஃப்ரைசிங்குக்கும் சம்பந்தமில்லை. கோபுர்க்கின் முக்கியத் தேவாலயமே மவுரிஸ் பெயரில் இருக்கிறது, அவர்தான் ஊரின் காவல் புனிதர். அங்கே விடையில் குழப்பம் கிடையாது. கிரீடம் இல்லை, காதில் வளையம் இருக்கிறது. 1934-இல் நாஜிகள் அந்தத் தலையை நீக்கிவிட்டு வாளும் ஸ்வஸ்திகாவும் வைத்தார்கள். 1945-இல் போர் முடிந்ததும் ஊர் பழைய சின்னத்தையே எடுத்துக்கொண்டது. அதனால் கோபுர்க்கில் வாசித்த விளக்கத்தை லோகாவுக்கு எடுத்துவந்து ஒட்டாதீர்கள். நீங்கள் இணையத்தில் பார்த்து எழுதியிருந்த ‘மவுரிஸ்’ விளக்கம் அப்படி வந்து சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். வெட்டிய தலையா? மரபுச் சின்னத்தில் கழுத்தோடு நிற்கும் தலை என்பது கிட்டத்தட்ட எப்போதும் வரைபட வசதி. சிங்கம், கழுகு, காளை எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் வரைவார்கள், நாணயத்தில் அரசன் தலை இருப்பது போல. வெட்டிய தலை என்று காட்ட நினைத்தால் ரத்தச் சொட்டு போடுவார்கள், அதற்குத் தனி மரபு இருக்கிறது. அரகானின் நான்கு தலைகள் வெற்றிப் பெருமைக்கானவை என்றே கதை சொல்கிறது. அவற்றின் வழிவந்த கோர்சிகா தீவின் தலைக்கு முன்பு கண்ணிலே கட்டு இருந்தது, 18-ஆம் நூற்றாண்டில் கோர்சிகத் தலைவர் பாவோலியின் காலத்தில் அதை நெற்றிக்கு ஏற்றினார்கள். அங்கே உங்கள் உறுத்தலுக்கு இடம் உண்டு. லோகாவின் தலையில் கட்டு இல்லை, கிரீடம் இருக்கிறது. சின்னங்களின் மொழியில் அடிமைக்குக் கிரீடம் வைக்கமாட்டார்கள்.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 14-ஆம் நூற்றாண்டில் வரைந்த தலை வேறு, அதைப் பிற்காலத்தவர் வரைந்த விதம் வேறு. தடித்த சிவப்பு உதடு, பெரிய காதணி, உருட்டிய கண் என்பதெல்லாம் மூலத்தில் கட்டாயமில்லாதவை. ஐரோப்பா ஆப்பிரிக்காவைக் காலனியாக்கிய காலத்தின் கேலிச்சித்திரப் பழக்கம் இந்தத் தலைகளின் மேலும் படிந்திருக்கிறது. சின்னத்தின் சட்டபூர்வ விவரணை வார்த்தையில்தான் இருக்கும். படத்தை ஒவ்வொரு தலைமுறையும் தன் கைக்கு வந்தபடி வரைந்துகொள்ளும். அதனால் சின்னம் பிறந்ததில் அவமதிப்பு இல்லை என்று நான் சொல்வதை, எல்லா வரைபடமும் குற்றமற்றது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இதைப் பார்த்து ஒரு ஆப்பிரிக்கப் பயணிக்கு மனம் சுருங்கினால் வரலாறு தெரியாததுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். கோபுர்க்கில் சின்னத்தை மாற்றச் சொல்லி 2020-இல் குரல் எழுந்தது, வைத்திருக்க வேண்டும் என்று எதிர்க்குரலும் எழுந்தது.

இந்தத் தலையை உலகம் முழுக்கப் பார்த்த ஒரு தருணமும் உண்டு. 2005-இல் திருத்தந்தையான பதினாறாம் பெனடிக்ட் அதற்கு முன் மியூனிக்-ஃப்ரைசிங் பேராயராக இருந்தவர். தன் சின்னத்தில் ‘ஃப்ரைசிங் மூர்’ என்று அழைக்கப்படும் இந்தக் கறுப்புத் தலையையும் மூட்டை சுமக்கும் கோர்பினியான் கரடியையும் ஒரு சிப்பியோடு வைத்துக்கொண்டார். அந்தத் தலையின் பொருள் சரியாகத் தெரியாது என்றும், தனக்கு அது இன வேறுபாடு பார்க்காத திருச்சபையின் அடையாளம் என்றும் அவரே எழுதியிருக்கிறார். அதில் முதல் பாதி வரலாறு, இரண்டாவது பாதி அவருடைய தியானம். இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது.

நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில் இருக்கும் வளைந்த கல்பாலத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், அதற்கு இரண்டு வரி. அது கப்புச்சின் பாலம். ஃப்ரைசிங் ஆயர் லியோபோல்ட் குதிரையோடு அதிலிருந்து ஆற்றில் விழுந்து இறந்தார், அன்றைக்குப் பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை என்று வழிகாட்டி சொன்னதை நீங்கள் நம்பவில்லை. கரடிக் கதையைப் போலவே ஒலித்தாலும் அவர் 1381-இல் லோகாவில் ஆற்றில் மூழ்கி இறந்தது நடந்த சம்பவம். பாலத்தில் நிற்பது நெப்போமுக்கின் புனித ஜான். தண்ணீரில் போவோருக்கும் பாலங்களுக்கும் காவல் என்று அவரை வைப்பார்கள், அந்தச் சிலை பிற்காலத்தது.

ஆல்பத்தில் எழுதுவதற்கு நான் பரிந்துரைப்பது இது: “முடிசூடிய மூர் தலை, 973 முதல் 1803 வரை இந்த ஊரை ஆண்ட ஃப்ரைசிங் ஆயர்களின் சின்னம், 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வழக்கில் இருப்பது.” இதற்குக் கீழே இடம் இருந்தால் கரடிக் கதையையும் எழுதுங்கள். ‘ஊரார் சொல்வது’ என்று முன்னால் ஒரு வார்த்தை போட்டால் போதும்.